மற்ற சிறு திருத்தங்கள்

வெளியீட்டுக் குறிப்பில் தனக்கென்று ஒரு வரி கிடைக்காத திருத்தம், தன்னை எழுதியவர் வீட்டுக்கே பெட்டியோடு திரும்பி வந்துவிடும். உமையாளின் திருத்தம் செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு வந்தது.

அவள் அப்போது சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சியை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போனாள். கையில் ஒரு சின்னப் பெட்டி, கக்கத்தில் ஒரு நோட்டு என்று அது நின்றுகொண்டிருந்தது. "என்னை மத்ததோட சேத்துப் போட்டுட்டாங்கம்மா" என்றது. உமையாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேனடை என்பது ஒரு தரவுத்தளம், கம்ப்யூட்டரில் பதிவேடு வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்தே வைத்திருப்பது. பல ஊர்க்காரர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து வளர்த்தார்கள். காரைக்குடியில் பாலிடெக்னிக் ஆசிரியையாக இருந்த உமையாள் அவர்களில் ஒருத்தி. ஏழாம் பதிப்பு வெள்ளிக்கிழமை வெளிவர இருந்தது. அதில் என்னென்ன மாறியிருக்கிறது என்று சொல்லும் குறிப்பின் வரைவைத் தூத்துக்குடி இம்மானுவேல் திங்கட்கிழமை எல்லோர் பார்வைக்கும் வைத்திருந்தான். கடைசி வரி, 'மற்ற சிறு திருத்தங்கள்'. அந்த மூன்று சொல்லுக்குள் ஒன்பது திருத்தங்களை அடைத்திருந்தான். லாரியில் ஆடு ஏற்றுகிறவன்கூட மூச்சு விடக் கொஞ்சம் இடம் வைப்பான்.

அவளுடைய திருத்தம் சாதாரணப்பட்டதல்ல. தேனடையில் ஒரு பழைய பிழை இருந்தது. மின்சாரம் போனால் கடைசியாக எழுதிய வரி மட்டும் காணாமல் போகும். அதற்கு முந்தினதெல்லாம் பத்திரமாக இருக்கும். ஒரு சின்ன ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி கடிதம் எழுதியிருந்தாள். கரண்ட் போகிற நேரத்தில் பதிந்த குழந்தை பதிவேட்டில் இல்லாமல் போகிறது, அதனால் இன்னொரு தடவை பிறக்க வைக்க வேண்டியிருக்கிறது, தாய்மார்கள் சலித்துக்கொள்கிறார்கள் என்று.

கடிதத்தைப் படித்த அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள்தான் உமையாள். பதினான்கு மாதம் ஆனது. இந்தப் பிழையை எந்தப் புண்ணியவான் எழுதினானோ என்று அவள் திட்டாத நாளில்லை. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. எதையும் முதலில் நோட்டில் குறித்து வைப்பது, அப்புறம்தான் செய்வது.

வீட்டுக்கு வந்த இடத்திலும் திருத்தம் அப்படித்தான் இருந்தது. 'நாற்காலியில் உட்காருகிறேன்' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தது. 'இரண்டு இட்லி' என்று எழுதிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டது. அவள் மூன்றாவது இட்லியை எடுத்தபோது நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. இப்படி ஒரு ஒழுங்கான பிள்ளையைச் சிறு திருத்தம் என்று எழுத ஒருவனுக்கு மனசு வருகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் தனி வரி கிடைக்காவிட்டால் அது இந்த நாற்காலியிலேயே தங்கிவிடும். தேனடையில் பழைய பிழையே இருந்துகொண்டிருக்கும். இன்னும் எத்தனை குழந்தைகள் இரண்டாம் தடவை பிறக்க வேண்டியிருக்குமோ என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. இம்மானுவேலைக் கூப்பிட்டாள்.

"சிறுசுன்னு எதை வச்சுத் தம்பி சொல்றீங்க?"

"நீளத்த வச்சுதான்க்கா. மொத்தமே பதினோரு வரிதான இருக்கு."

"பதினோரு வரிக்குப் பதினாலு மாசம். அது உங்களுக்குச் சிறுசாப் போச்சு."

"அதுக்கில்லக்கா." இம்மானுவேல் கொஞ்சம் இழுத்தான். "தனி வரி போட்டா பிழையையும் எழுதணும், எந்தப் பதிப்புல வந்துச்சுன்னும் எழுதணும். எழுதிட்டா அந்தப் பிழை நேரா அத எழுதுனவங்க வீட்டுக்குப் போயிரும். மொத்தமாப் போட்டா யார் வீட்டுக்கும் போவாது. அதான் பாத்தேன்."

"போகட்டும். அவன் வாசல்ல போயி நிக்கட்டும். அவனும் கொஞ்சம் அனுபவிக்க வேணாமா?"

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"யாரைக் காப்பாத்தப் பாக்குறீங்க நீங்க?"

"சரிக்கா, வரிய நீங்களே எழுதிருங்க" என்றான். குற்றமுள்ள நெஞ்சு என்று உமையாள் முடிவு செய்துகொண்டாள். தொலைபேசியை வைத்த கையோடு உட்கார்ந்து புது வரியை எழுதினாள். 'மூன்றாம் பதிப்பு முதல், மின்சாரம் போகும்போதெல்லாம் கடைசி வரியை விழுங்கிவந்த பொறுப்பற்ற பிழை நீக்கப்பட்டது.' பொறுப்பற்ற என்ற சொல்லையாவது எடுத்துவிடலாமே என்று இம்மானுவேல் எழுதிக் கேட்டான். முடியாது என்று பதில் போட்டாள்.

ஆனால் குறிப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால், குறிப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்த ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். ஆறு பதிப்பாக அப்படி ஒருவரும் கிடைத்ததில்லை. அதனால் இதுவரை ஒரு வரியும் மாறியதில்லை. ராப்பகலாக உழைத்து எழுதுவதை ஒரு ஜீவனும் படிப்பதில்லை என்பதை நினைத்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது. நல்லவேளையாக உமையாளின் கணவர் சாத்தப்பன் எதையும் படிப்பவர். வடை கட்டி வந்த காகிதத்தையும், மாத்திரையோடு மடித்து வரும் தாளையும் அவர் பாதியில் விட்டதில்லை. வியாழக்கிழமை காலை குறிப்பின் நாற்பது பக்கத்தையும் அவர் முன்னால் வைத்தாள். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்.

"இந்த மூணாம் பதிப்பு எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"நம்ம கல்யாணத்துக்கு முந்தின வருஷம்."

"அப்ப எத்தனை பேரு எழுதிக்கிட்டிருந்தீங்க?"

"நாலு பேரு. மத்த மூணு பேர்ல எவனோ ஒருத்தன்தாங்க."

சாத்தப்பன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை குறிப்பு புது வரியோடு வெளிவந்தது. திருத்தம் தன் நோட்டில் 'போய்வருகிறேன்' என்று எழுதியது. பிறகு "போயிட்டு வர்றேன்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. உமையாள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். மூன்று பேரில் யார் வாசலில் அந்தப் பிழை போய் நிற்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை மறுபடியும் வாசலில் ஆள் அரவம் கேட்டது. இந்தத் தடவை பெட்டி பெரியது. பூட்டு போய், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "வெயில்ல நிக்காதே, உள்ளே வா" என்றாள் உமையாள், யாரென்று பார்க்கும் முன்பே. யார் வந்தாலும் அவள் அப்படித்தான் சொல்வாள். அதன் பிறகுதான் வந்தது நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தாள். மேலே, பொறுப்பற்ற பிழை என்று இருந்தது. கீழே, எழுதியவர் என்ற இடத்தில், கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு அவள் பெயர் இருந்தது.

சாத்தப்பன் பேப்பரை இறக்கி, வந்ததை ஏற இறங்கப் பார்த்தார். "மூக்கு உங்க வீட்டுப் பக்கம்" என்றார்.

உமையாள் நிமிர்ந்து நின்றாள். பதினான்கு மாதக் கோபத்தையும் திரட்டி, பிழையின் முகத்துக்கு நேரே ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அவள் சொன்ன வாக்கியத்தைக் காணவில்லை. அவளிடம் இல்லை, சாத்தப்பனிடம் இல்லை, வாசலில் நின்றதிடமும் இல்லை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார்கள். அவள் சொன்னதில், அதற்கு முந்தின 'உள்ளே வா' மட்டும் பத்திரமாக இருந்தது.

அதன்படி பிழை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, திருத்தம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தது. எத்தனை இட்லி வேண்டும் என்று உமையாள் கேட்டாள்.