லாங் லீவில் போனவர்

ஷ்யாமளாவின் ஆபீஸ் இன்னும் ஒரு பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. செம்பூர் கிளையில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நவி மும்பையில் எங்கேயோ ஏசி அறையில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, இங்கே கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக மட்டும் தலைகாட்டும். இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்த ஜனங்கள், உயிரோடு இருப்பவர்கள், போய்விட்டவர்கள், எல்லாரும் அந்தப் பச்சை எழுத்துக்குள் இருந்ததால் அதைத் தூக்கிப் போட எவருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குள் நுழைவதுதான் பெரிய பாடு. ஒரு திரையில் யூசர் ஐடி, அடுத்த திரையில் பாஸ்வேர்டு, அப்புறம் அப்ளிகேஷன் பெயர், நடுநடுவே எண்டர். ஒரு எழுத்து பிசகினால் மறுபடி முதலிலிருந்து. காலையில் கிளையே இதில் மல்லுக்கட்டும். பாதிப் பேருடைய ஐடி லாக் ஆகி, ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். மேனேஜருக்கு அலுத்துப் போயிற்று. லாகின் வேலையை மேக்ரோவாகப் பதிந்து எல்லார் கம்ப்யூட்டரிலும் போட்டுவிடுங்கள் என்று ஐ.டி. பிரிவிலிருந்து ஷ்ருதியை வரவழைத்தார். யாரை வைத்துப் பதிவது என்ற கேள்வியே எழவில்லை. ஐடி லாக் ஆகாத ஒரே ஆள் ஷ்யாமளா.

ஷ்ருதி மாட்டுங்காப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் ஓடிவிடுவாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிம்பிள் ஆன்ட்டி. நீங்க டெய்லி என்ன பண்றேளோ அதையே பண்ணுங்கோ. ஒவ்வொரு கீயா அது ரெகார்ட் பண்ணிக்கும். அப்பறம் ஒரே ஒரு பட்டன் அமுக்கினா போறும், எல்லாத்தையும் அதுவே தட்டிடும்."

"நடுவுல தப்பா எதாவது தட்டிட்டா?"

"அந்தத் தப்பையும் டெய்லி பண்ணும். அதுக்கு என்ன தெரியும், பாவம்."

ஷ்யாமளா சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து யாராவது பேசியே ரொம்ப நாளாகியிருந்தது. அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஏதோ ஹேண்ட் க்ரீம் வாசனை வந்தது. எழுந்து போய்விடாமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கட்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பிலேயே விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். மற்றதை விரல்கள் பார்த்துக்கொண்டன. எட்டு எழுத்து, எண்டர், ஒரு நொடி நிற்பது, திரையை அழிக்க க்ளியர். பிறகு வேறு எட்டு எழுத்து, எண்டர், பாஸ்வேர்டு, மெனு. ஷ்ருதி அப்போது மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹோ கயா, முடிஞ்சுதா?" என்று பதிவை நிறுத்தி, பதிந்ததைத் திரையில் திறந்தாள். அவரவர் ஐடியை மேக்ரோவே எடுத்துக்கொள்ளும்படி மாற்ற வேண்டுமாம். வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஆரம்பத்திலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, இது யாரு, சுப்ரம் ஜீரோ த்ரீ?"

ஷ்யாமளா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

சுப்ரம் ஜீரோ த்ரீ அவள் புருஷன். இதே கிளையில், இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவர். ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வரவில்லை. கருணை அடிப்படையில் ஷ்யாமளாவுக்கு வேலை கொடுத்தார்கள். சேர்ந்த அன்று அவருடைய சிநேகிதர் பஞ்சுதான் லாகின் செய்யக் காட்டிக் கொடுத்தார். அந்த மனுஷர் ஏதோ ஞாபகத்தில் பழைய ஐடியையே தட்டிவிட்டார். 'இந்த யூசர் ஐடி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, நிர்வாகியை அணுகவும்' என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. பஞ்சு வெலவெலத்துப் போனார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "இது ஒண்ணுமில்லை மாமி. லாங் லீவ்ல போனவாளுக்கும் இதே மெசேஜ்தான் வரும். திரும்பி வந்தா ரெஸ்யூம் பண்ணிடுவா" என்று உளறினார்.

அந்த உளறல் அவளுக்குப் போதுமாயிருந்தது. மறுநாள் பஞ்சு டீ குடிக்கப் போனபோது தானே அந்த ஐடியைத் தட்டினாள். அதே வரி வந்தது. லாங் லீவ். அதற்கப்புறம் ஒருநாளும் விட்டதில்லை. பஞ்சு ரிட்டயர் ஆகிப் போனார், பெண் அம்மு கல்யாணமாகி பெங்களூர் போனாள், அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு நாளைக்கு வர ஆரம்பித்தது. இது மட்டும் நிற்கவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் நாள் முழுக்க அவரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல உலகத்தில் அந்தத் திரை ஒன்றுதான் இருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. அவர் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. பம்பாயில் பிறந்து வளர்ந்தவள், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள், இந்த ஒன்றில் மட்டும் பாலக்காட்டு அம்மா சொல்லிவைத்தபடியே இருந்துவிட்டாள். அம்முவுக்கு ஸ்கூல் அட்மிஷன் வாங்கப் போனபோது அப்பா பேரைக் கேட்டதற்கு எழுதித்தான் காட்டினாள். சேடா நகர் கோயிலில் சாமிக்கும் அதே பேர் என்பதால் 'முருகா' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். வாய் சொல்லாத பேரைக் காலையில் ஒரு தடவை விரல் சொல்லிக்கொண்டிருந்தது.

இத்தனையையும் ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மத்தியான டப்பா நேரத்தில் கிளை முழுக்கத் தெரிந்துவிடும். பாவம் ஆன்ட்டி என்பார்கள். அந்தப் பாவத்தை நினைத்தாலே அவளுக்குக் கூசியது.

"யாரோ பழைய ஸ்டாஃப்" என்றாள். "கை தவறிப் போச்சு."

"பரவால்ல, எடுத்துடறேன்." ஷ்ருதி அந்த நாலு வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் ஐடியைக் குறித்துக்கொண்டு கிளம்பிப் போனாள். எதற்குக் குறிக்கிறாள் என்று ஷ்யாமளா கேட்டிருக்கலாம். நாற்காலி காலியானதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

மேக்ரோ பிரமாதமாக வேலை செய்தது. ஒரு பட்டன், பாஸ்வேர்டு, உடனே மெனு. கிளையே கொண்டாடியது. ஷ்யாமளா மட்டும் யாரும் கவனிக்காத நேரம் பார்த்து முதலில் கையால் அந்த எட்டு எழுத்தைத் தட்டி, பதிலை வாங்கிக்கொண்டு, க்ளியர் அடித்துவிட்டுத்தான் மேக்ரோவைத் தொடுவாள்.

ஒரு திங்கட்கிழமை தட்டினாள். பச்சையில் ஒரு வரி வந்தது. கண் பழக்கத்தில் படித்ததாக நினைத்துக் க்ளியரை அமுக்கிவிட்டாள். ஏதோ வித்தியாசம். வரி குட்டையாக இருந்தது போலிருந்தது. மறுபடி தட்டினாள். நிர்வாகியை அணுகவும் என்பது இல்லை.

'அப்படி ஒரு யூசர் இல்லை.'

எழுத்துப் பிழையோ என்று ஒவ்வொரு கீயாகப் பார்த்து இன்னொரு தரம் தட்டினாள். அதே வரிதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பக்கத்திலிருந்தவர்கள்தான் அழுதார்கள். இப்போது வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, மேஜை டெலிபோனை எடுத்து ஐ.டி. பிரிவைக் கூப்பிட்டாள்.

"ஆமா ஆன்ட்டி, டிலீட் ஆயிடுத்து" என்றாள் ஷ்ருதி. "பழைய ஐடி சும்மா இருக்கப்படாது, ஆடிட்ல பிடிப்பா. யாரோடதுன்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டா. நீங்கதான சொன்னேள், யாரோ பழைய ஸ்டாஃப்னு. கோயி பூச்னேவாலா நஹீ தா. எடுத்துட்டா."

கேட்பார் யாருமில்லை. ஷ்யாமளா ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பப் போட முடியாதா?"

"அதே பேர்ல போடலாம். ஆனா அது புது ஆள்தான் ஆன்ட்டி. ஏன், எதாவது வேலை நின்னு போச்சா?"

"வேலை ஒண்ணும் நிக்கலை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "யாரோன்னு நான் சொன்னது பொய். எனக்குத் தெரிஞ்சவர்தான்."

"அச்சா? யாரு? பேர் சொல்லுங்கோ."

ஷ்யாமளாவின் வலது கை மேஜை விளிம்பில் எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தது. அங்கே கீபோர்டு இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுப்ரமணியன்" என்றாள். குரல் பாதியில் கம்மிவிட்டது.

"க்யா? சரியா கேக்கலை ஆன்ட்டி. கொஞ்சம் சத்தமா சொல்லுங்கோ."

"சுப்ரமணியன்" என்றாள் மறுபடியும், கிளையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி. "எங்காத்துக்காரர்."