ட்ரோனுக்குக் கீழே நிற்கும் ஆள்

பத்து மணி டீ வந்து ஆடை படிந்துவிட்டது. கருணாகரன் அதைத் தொடவில்லை. கூரியரில் வந்த பார்சலைப் பிரிப்பதிலேயே குறியாக இருந்தான். நெய்வேலிச் சுரங்கத்தின் மின்கருவிப் பட்டறையில் இருபத்திரண்டு வருட சர்வீஸ், பர்மனென்ட். அந்த ஒரு வார்த்தையைச் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிகிறவன்.

"வெங்கடேஷ், இங்க வாய்யா. நம்ம மூளை வந்துருச்சு பாரு!" என்று பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டான்.

பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு இருந்தது. ஃப்ளைட் கண்ட்ரோலர் என்பார்கள். ட்ரோன் காற்றில் சாயாமல் நிற்பதும், சொன்ன பக்கம் திரும்புவதும் இதன் பொறுப்பு. மூன்று மாதமாகக் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் கருணாகரன் ஒரு ட்ரோன் கட்டிக்கொண்டிருந்தான். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு கை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஐந்தடி. பூக்கூடையைக் கட்டினால் பன்னிரண்டு கிலோ எடை.

எல்லாம் பெரிய அதிகாரி சிங்காரவேல் ரிட்டையர் ஆவதற்காகத்தான். டவுன்ஷிப்புக்குள் ட்ரோன் விட அனுமதி கிடையாது. அதனால் காடாம்புலியூரில் வெங்கடேஷின் முந்திரித் தோப்பில் விருந்து ஏற்பாடாகியிருந்தது. அதிகாரியின் தலைக்கு நேர் மேலே ட்ரோன் வந்து நின்று பூக்கொட்ட வேண்டும், எல்லோரும் வாயைப் பிளக்க வேண்டும். கருணாகரன் கண்டுகொண்டிருந்த கனவு அது.

பட்டறையின் மறுகோடியில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்த பவித்ரா எட்டிப் பார்த்தாள். பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள், காண்ட்ராக்ட். இங்கே சேருவதற்கு முன்னால் இரண்டு வருடம், வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள்.

"சார், இது அதுக்கு ஆவாதுங்க" என்றாள்.

"எதுக்கு ஆகாது?"

"உங்க பெரிய மெஷினுக்குங்க. இது உள்ளங்கை அளவு ரேஸ் ட்ரோனுக்குப் போடறது. அசைவு பாக்குற சென்சார் இதுல ஒண்ணே ஒண்ணுதான். அவ்ளோ பெரிய இறக்கை சுத்துற அதிர்வுல அது தப்பா காட்டிச்சின்னா, தப்புன்னு சொல்ல வேற சென்சார் இல்ல. கரண்டும் ஒரே வழியிலதான் வருது. அது புட்டுக்கிச்சின்னா மொத்தமும் கீழ வந்துடும். மூணு சென்சார் வச்சது, ரெண்டு வழியில கரண்டு எடுக்குறது எல்லாம் கிடைக்குதுங்க. அதுல ஒண்ணு பொய் சொன்னாலும் மத்த ரெண்டும் சேந்து அடக்கிடும். கொஞ்சம் விசாரிச்சுக்கினு வாங்கியிருக்கலாம்."

பாவி மகள், அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டிருக்கலாம். வெங்கடேஷ் குபீரென்று சிரித்தான்.

"என்னய்யா கருணா, காண்ட்ராக்ட் வந்து பர்மனென்ட்டுக்குப் பாடம் எடுக்குது?"

கருணாகரனின் முகம் சிவந்துவிட்டது. "உன்ன யாரு கேட்டா? வயல்ல மருந்தடிச்சவ எல்லாம் எனக்குச் சொல்ல வந்துட்டா! போ, அந்த மோட்டாரத் துடைக்கிற வேலையப் பாரு."

பவித்ரா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், டீயை முடித்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போயும் கருணாகரனுக்கு ஆத்திரம் ஆறவில்லை. அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்றே போனை எடுத்து, அந்தப் போர்டைச் செய்த கம்பெனியின் பக்கத்தைத் திறந்தான். அங்கே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: சிறிய பந்தய ட்ரோன்களுக்கு மட்டும். கனமான ட்ரோன்களில் பொருத்த வேண்டாம்.

இரண்டு தரம் படித்தான். மாற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. ஆர்டர் போட்டால் நாலு நாளில் நல்ல போர்டு வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் வெங்கடேஷ் கேட்பானே, அவ சொல்லியா மாத்துன என்று? அந்த ஒரு கேள்வியை விழுங்க அவனால் முடியவில்லை. பக்கத்தை மூடிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தான். வீம்பு என்றால் இப்படியா ஒரு வீம்பு!

போர்டைப் பொருத்தியாயிற்று. ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். வயர் பிடிக்கவும் பேட்டரி தூக்கவும் ஆள் வேண்டுமே. பவித்ராவைக் கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழமை தோப்புக்கு வந்துடு."

"லீவு நாளுங்க சார். தங்கச்சியப் பொண்ணு பாக்க வராங்க. வூட்ல நான் இருக்கணும்."

"உன் அட்டெண்டன்ஸ்ல கையெழுத்துப் போடறது யாரு? யோசிச்சுக்க."

யோசிக்க என்ன இருக்கிறது? வந்தாள்.

தோப்பின் நடுவில் மரமில்லாத வெட்டவெளி. அதிகாரி நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். பட்டறைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கருணாகரனின் மனைவி புவனா டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டாவது படிக்கும் மகள் இசைப்பிரியா, ட்ரோனின் பூக்கூடையில் சாமந்தியை உதிர்த்துப் போட்டாள்.

"வட்டத்துல ஒரு ஆள் நிக்கட்டும்யா. அப்பத்தான் தலைக்கு நேரா வருதான்னு தெரியும்" என்றான், போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்ற வெங்கடேஷ்.

ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனும் நகரவில்லை.

"பவித்ரா, நீ போய் நில்லு" என்றான் கருணாகரன்.

யோசித்துச் சொன்னானா என்றால் இல்லை. சகதிப் பள்ளத்தில் இறங்க வேண்டுமா, ஆடுகிற ஏணியில் ஏற வேண்டுமா, முதலில் வாயில் வருவது காண்ட்ராக்ட் ஆளின் பெயர். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

பவித்ரா அசையவில்லை. "எந்த போர்டு சார் போட்டிருக்கீங்க?"

"நான் வாங்குனதுதான்."

"அப்ப நிக்க மாட்டேங்க."

"பாத்தியா திமிர!" என்றான் வெங்கடேஷ்.

கருணாகரன் குரலைத் தாழ்த்தினான். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. "நாளைக்கு கேட்டுக்குள்ள வரணுமா, வேணாமா?"

பவித்ரா விறுவிறுவென்று நடந்து போய் வட்டத்துக்குள் நின்றாள்.

"நிக்கிறேன் சார். நல்ல போர்டுன்னு உங்களுக்கு நம்பிக்கை இருக்குல்ல? உங்க வூட்டு ஆளு ஒருத்தர என் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

கருணாகரன் வேண்டுமென்றே ரிமோட்டை முடுக்கினான். இருபது தப்படி தள்ளித் தரையில் இருந்த ட்ரோனின் ஆறு இறக்கைகளும் சுற்றத் தொடங்கின, புழுதி கிளம்பியது.

"நான் நிக்கிறேம்ப்பா! பூ என் மேலயும் விழும்ல!"

புவனா எழுவதற்குள் இசைப்பிரியா ஓடிப்போய் வட்டத்துக்குள் குதித்துவிட்டாள். பவித்ரா பதறிப்போனாள். "நீ வேணாம் பாப்பா, உன்ன சொல்லல. போ, அம்மாகிட்ட போ!" அவளோ சிரித்துக்கொண்டே பவித்ராவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சூப்பர்! தூக்கு கருணா!" வெங்கடேஷ் வீடியோவை ஆரம்பித்துவிட்டான்.

கருணாகரனின் கட்டைவிரல் நகரவில்லை. கம்பெனிக்காரன் எழுதியிருந்த வரி ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணில் தெரிந்தது. பன்னிரண்டு கிலோ. கத்தி போல ஆறு இறக்கை. கீழே ரெட்டை ஜடையோடு அவன் பெற்ற பெண். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இசை, வெளிய வா."

"ஏம்ப்பா?"

"வான்னு சொல்றேன்ல!"

அவன் போட்ட சத்தத்தில் குழந்தை மிரண்டு அம்மாவிடம் ஓடியது. வட்டத்தில் பவித்ரா மட்டும் நின்றாள். அப்பாடா என்று கருணாகரனின் நெஞ்சு இலேசானது. மரத்துப் போயிருந்த கட்டைவிரல் தானாக மேலே போகப் பார்த்தது.

பவித்ரா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன சார், இப்ப பயம் போயிடுச்சா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. கருணாகரன் கட்டைவிரலை விலக்கிக்கொண்டான். ட்ரோனை நிறுத்தினான். இறக்கைகள் ஓயும்வரை காத்திருந்து, போய் பேட்டரியைப் பிடுங்கினான்.

"என்னய்யா, இந்தப் பொண்ணு பேச்சக் கேட்டா நிறுத்துற? மானத்த வாங்குறியே!" என்று வெங்கடேஷ் எகிறினான்.

"இவ பேச்சக் கேக்காததுக்குத்தான்யா வெக்கப்படறேன்!" கருணாகரன் கத்தினான். "இந்த போர்டு ஆகாதுன்னு எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். கம்பெனிக்காரனே எழுதி வச்சிருக்கான். படிச்சேன். படிச்சுட்டும் போட்டேன், சொன்னது காண்ட்ராக்ட்டுங்கறதால. என் பொண்ணு நிக்கறப்ப ஆகாத மெஷின், அடுத்தவங்க பெத்த பொண்ணு நிக்கறப்ப மட்டும் எப்படிய்யா ஆகும்?"

புவனா மகளை அணைத்தபடி புருஷனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

பவித்ரா வட்டத்தை விட்டு வெளியே வந்து தன் பையை எடுத்தாள்.

"இசை வரலன்னா ஏத்தியிருப்பீங்கதான சார்?"

கருணாகரன் தலை குனிந்தான். "ஏத்தியிருப்பேன். மன்னிச்சிரும்மா. எந்த போர்டுன்னு எழுதிக் குடு, அதையே வாங்கிடறேன்."

"எழுதித் தரேங்க. போர்டு நாலு நாள்ல வந்துடும்." அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஆனா எது போட்டாலும் ஆளு தலைக்கு மேல ஓட்டாதீங்க. எதையாவது சோதிச்சுப் பாக்க ஒரு ஆளு வேணும்னா, மொதல்ல உங்க வூட்டு ஆள அங்க நிக்க வச்சு நெனச்சுப் பாருங்க. மனசு வரலயா? அப்ப அங்க யாரையும் நிக்க வைக்காதீங்க."