காய்ந்த மண்ணில் ஒரு சக்கரம்

மற்றவர்கள் பாடுபட்டுச் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆய்வுக்கூடத்தில் எனக்கு 'முட்டுக்கட்டை' என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும். நிலாவில் போய் வண்டி நின்றுவிட்டால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு யார் போவது?

அந்த வண்டியின் சக்கரத்தைச் செய்தவள் என் நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை. வெயிலே படாத ஒரு நிலாப் பள்ளத்தில் வண்டி இறங்கி, உறைந்த நீர் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறி வர வேண்டும். என் அறையில் கட்டில் அளவுக்கு ஒரு தொட்டி இருக்கிறது. அதில் நிலாமண் மாதிரியே அரைத்து, வறுத்து, ஈரம் போக்கிய பாறைப்பொடி. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக வறுத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தொட்டியைச் சாய்த்துச் சக்கரத்தை ஓட்டிப் பார்ப்பேன். எட்டுச் சோதனையிலும் ஏறிவிட்டது. எட்டுத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருந்தேன். இன்றைக்கு மூன்று மணிக்கு இயக்குநர் கடைசிச் சோதனையைப் பார்க்க வருகிறார். தேறினால் இந்தச் சக்கரம் நிலாவுக்குப் போகும். இல்லையென்றால் பழைய சக்கரம்தான். அதற்கு மேடேறத் தெரியாது. பள்ளத்துக்குள் போகும் திட்டமே ரத்து.

காலை ஒத்திகையில் சக்கரம் பாதிச் சரிவில் நின்ற இடத்திலேயே சுற்றி, அச்சு வரை புதைந்தது.

"என்ன பண்ணீங்க அண்ணி?" என்றாள்.

"நான் என்னத்தப் பண்ணேன்? உன் சக்கரத்தைக் கேளு!"

"நேத்து வரைக்கும் ஏறுச்சே! உங்க கை பட்டாலே விளங்காது."

"வாயை அடக்கிப் பேசு. உங்க அண்ணன்கிட்ட போய் மூக்கைச் சிந்தினாலும் எனக்குக் கவலையில்ல."

கத்திவிட்டேனே தவிர எனக்கும் புரியவில்லை. அதே பொடி, அதே சாய்வு, அதே மோட்டார். மூக்கு அரித்தது. சொறியப் போனபோதுதான் முகமூடி போட்டிருப்பதே உறைத்தது. தினமும் போடுவதில்லை. பொடியைப் பலகையால் மட்டம் செய்யும்போது பறக்கும், எனக்கு இருமல் வந்துவிடும். அதனால் வீட்டில் தூசி பெருக்குவதற்கு முன் செய்கிற மாதிரி, மேலாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுவேன். இன்றைக்குத் தெளிப்பான் அடைத்துக்கொண்டது, முகமூடி போட்டேன்.

பாடுபட்டு ஒருவர் வறுத்துக் கொடுத்த பொடியை நான் நனைத்திருக்கிறேன். ஈரத்தில் அது கெட்டிப்பட்டுச் சக்கரத்துக்குப் பிடி கொடுத்திருக்கிறது. எட்டுச் சோதனையும் பொய். ஊரார் குறையைத் துருவித் துருவிப் பார்க்கிறவள் செய்த லட்சணம் இது!

தெளிப்பான் போனால் என்ன, கையால் தெளித்தால் போயிற்று, இயக்குநருக்கு என்ன தெரியப் போகிறது? தோன்றத்தான் செய்தது. குழாய் வரைக்கும் போனேன். பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்து அவளிடம் சொல்லிவிட்டேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மூணு வருஷம் அண்ணி," என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல், சக்கரத்தை வெளியே எடுக்கலாமென்று மோட்டாரைப் பின்பக்கமாக ஓட்டினேன். அலுங்காமல் குழியை விட்டு வந்தது. இறங்குவது சுலபம்தான். ஆனால் அது வந்த தடத்தில் தோண்டின அடையாளமே இல்லை, பொடி அழுந்திக் கிடந்தது.

"ஏய், இங்க வந்து பாரேன்!"

கண்ணைத் துடைத்தபடி வந்தவள் தடத்தை விரலால் தொட்டாள். சக்கரத்தைச் சுற்றி வளைந்த தகடுகள் இருக்கும். முன்னால் ஓடும்போது அவை மண்வெட்டி மாதிரி வாரித் தள்ளுகின்றன. பின்னால் ஓடும்போது மிதித்து அமுக்குகின்றன.

"கழட்டுங்க அண்ணி! திருப்பி மாட்டலாம்!"

மாட்டி முடிப்பதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை.

"சார், எட்டுச் சோதனையும் செல்லாது. நான்தான் தண்ணி தெளிச்சேன்."

"நீங்களா?" இரண்டு தடவை கேட்டார். எட்டுத் தாளிலும் குறுக்கே கோடு போட்டு, காரணத்தையும் என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். மானம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வாசித்துவிட்டு, "காஞ்ச மண்ணுல மூணு தடவை ஏறணும். ஒண்ணு தவறினாலும் பழைய சக்கரம்தான்," என்றார்.

முதல் தடவை ஏறியது. பொடியை மட்டம் செய்யப் போன என்னிடமிருந்து அவள் பலகையைப் பிடுங்கினாள். "தள்ளி நில்லுங்க. இருமித் தொலைக்கப் போறீங்க."

இரண்டாவது தடவை பாதியில் ஒரு வழுக்கு வழுக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் தகடுகள் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஏறின.

மூன்றாவது தடவை. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, உச்சிக்கே போய்த் தொட்டியின் விளிம்பில் டம்மென்று மோதி, அதையும் தாண்டப் பார்த்தது.

"யாராவது நிறுத்துங்கம்மா!" என்று இயக்குநர் அலறினார்.

நிறுத்த வேண்டியவள் நான்தான். நாத்தனாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தேன்.