துப்பக் கூடாத பிஸ்கட்

பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்ப்பதுதான் அவருக்கு இருபது வருட வேலை. சர்க்கரை நோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து வாங்கிவந்தார். இந்த மாதம் புது விதி வந்தது. சர்க்கரையைக் குறைக்காதவர்களுக்கு இனி இலவசம் கிடையாது.

"இனிப்பைத் தொடவே கூடாதுங்க," என்றார் டாக்டரம்மா.

"தொடலைன்னா சம்பளம் வராதும்மா. அப்புறம் மருந்துக்கு எங்க போவேன்?"



மறுநாள் கம்பெனியில் அவர் பிஸ்கட்டை மென்று, ருசி தெரிந்ததும் ஓரமாகத் துப்பினார். அதைப் பார்த்த மேலாளர் பதறிப்போய் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"துப்புற அளவுக்கா மோசமா இருக்கு?"

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கு."

"அப்ப முழுங்க வேண்டியதுதானே?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். நோயைச் சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னொரு பிஸ்கட்டை எடுத்து, மென்று, விழுங்கினார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.