ஆறு விரல் உயரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நான் மறைப்பதில்லை. அந்த வாயால்தான் என் புருஷனை முடமாக்கப் பார்த்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

அவர் பிக்கப் டிரைவர். வண்டியின் பின்தட்டில் நின்று பாரத்தை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, மல்லாந்து தரையில் விழுந்தார். முதுகெலும்பில் இரண்டு தகடும் எட்டுத் திருகும் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "எலும்பு கூடுற வரைக்கும் பலமான குலுக்கல் ஒண்ணுகூட ஆகாதும்மா. திருகு நகர்ந்து நரம்புல பட்டா கால் ரெண்டும் போயிடும். ஆறு வாரம் கழிச்சுக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர். அவர் நிதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கத்தில்கூட அந்தத் திருகு சுற்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீடு கல்குவாரிக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. பாதையை லாரிகள் குதறி வைத்திருந்தன. நடுவே எவனோ குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிவிட்டுப்போன குறுக்குப் பள்ளம் வேறு. அவரைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸின் அடிவயிறு அதில் டமாரென்று இடித்தபோது அவர் போட்ட அலறல் குவாரி வரை கேட்டிருக்கும். அந்த டிரைவர், "அம்மா தாயே, இனிமே இந்தப் பக்கம் என்னைக் கூப்பிடாதீங்க," என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் எனக்கு ஒரே வேலை. அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கால்விரலில் ஏதாவது ஒன்றை அமுக்குவேன். எந்த விரல் என்று அவர் சொல்ல வேண்டும். மனுஷன் ஒரு நாளாவது ஒழுங்காகப் பதில் சொன்னாரா? "அமுக்கிட்டியா? எப்போ?" என்பார். இல்லாவிட்டால், பெருவிரலை அமுக்கினால் சுண்டுவிரல் என்பார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். அப்புறம் ஓரக்கண்ணைத் திறந்து பார்த்துச் சிரிப்பார். "உங்க விளையாட்டுல தீயை வைக்க!" என்று நறுக்கென்று கிள்ளுவேன். "ஆ!" என்று கத்துவார். அந்த 'ஆ' காதில் விழுந்த பிறகுதான் எனக்கு அடுப்பு பற்றவைக்கவே கை வரும்.

ஆறாவது வாரம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை எப்படிக் கீழே கொண்டுபோவது? தூளியில் தூக்கலாம் என்றால், நடக்கிறவன் ஒருவன் இடறினாலும் போச்சு. இருந்தது எங்கள் பிக்கப் ஒன்றுதான். இரண்டு வரிசை சீட் உள்ள பழைய வண்டி. அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் பாரம் சுமந்து சுமந்து அதன் ஸ்பிரிங் எல்லாம் படுத்துவிட்டிருந்தது. அதுவும் அந்தப் பள்ளத்தில் வயிற்றை இடிக்கும்.

"தூக்கிடலாம் அண்ணி," என்றான் என் கொழுந்தன். குவாரி வாசலில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். ஊரே அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும்.

முதலில், சக்கரங்களைக் கோக்கிற ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரண்டு இரும்புக் கட்டைகளைச் செருகினான். வண்டி நாலு விரல் உயர்ந்தது. "எப்படி!" என்று மீசையை முறுக்கினான்.

"உயரம் இருக்கட்டும். குலுக்காம போகுமா?"

"அதை எப்படி அண்ணி அளக்கிறது?"

நான் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு பின்சீட்டில் மல்லாந்து படுத்தேன். டம்ளரை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன். "குவாரி முற்றத்தை ஒரு சுத்து சுத்திட்டு வா," என்றேன். முதல் கல்லிலேயே டம்ளர் எகிறி மூக்கில் அடித்தது. தொப்பலாக நனைந்து நான் இறங்கியதைப் பார்த்து லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் என் முதுகெலும்பில் ஒவ்வொரு கல்லையும் எண்ணியிருந்தேன். அவர் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "இது ஆகாது," என்றேன்.

அடுத்து, ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் காற்றுப் பை வைத்துப் பார்த்தான். கல்லில் நன்றாகத்தான் இருந்தது. வளைவில் மட்டும் வண்டி தொட்டில் மாதிரி ஆடி, என்னைச் சீட்டிலிருந்து உருட்டித் தள்ளியது. வேண்டாம் என்றேன். மூன்றாவதாகக் கட்டையும் வேண்டாம், பையும் வேண்டாம் என்று, மெல்லிய பட்டைகளாக அடுக்கிய புது ஸ்பிரிங்கும், குலுக்கலைத் தாங்குகிற நீளமான ஷாக் அப்சார்பரும் வரவழைத்து மாட்டினான். ஆறு விரல் உயரம். முற்றத்தை இரண்டு சுற்று சுற்றியும் டம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர்தான் சிந்தியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்பேனரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். படுத்திருந்தவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "ஆறு விரலா? பின்சக்கரத்தை அந்தரத்துல தொங்கவிட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"சக்கரம் தொங்கினா ஆக்ஸில் இன்னும் கீழ இறங்கும்ல. அப்போ கூடவே எது எது இழுபடுதுன்னு பாக்கணும்."

ஸ்பேனரின் ஷெட்டில் இருப்பது குழி மட்டும்தான். வண்டியை மேலே நிறுத்தி, இவன் குழிக்குள் நின்று வேலை பார்ப்பான். சக்கரம் எப்போதும் தரையில்தான் இருக்கும். "ரோட்டுல போற வண்டி எங்கண்ணே தொங்கப்போகுது?" என்றான் அவன்.

"இல்லடா, ஒரு தடவை ஜாக்கி போட்டு..."

நான் குறுக்கே விழுந்தேன். பத்து நாளாக நனைந்தவள் நான், உருண்டவள் நான். "படுத்த படுக்கையிலேர்ந்து மேஸ்திரி வேலை பாக்க வேண்டாம். தண்ணி சிந்தலை. அது போதும்," என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை கிளம்பினோம். அவரைப் பலகையோடு தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணை அடைத்துப் பட்டையால் கட்டினோம். ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தேன்; ஸ்பேனர் தன் பைக்கில் முன்னால் இறங்கினான். சரிவின் அடியில் ஒரு வண்டி மட்டுமே போகிற சின்னப் பாலம் உண்டு. நாங்கள் வருகிறவரை எதிரே வரும் லாரிகளை அதற்கு அந்தப் பக்கம் நிறுத்திவைப்பது அவன் வேலை.

வண்டி மிதந்தது. பொய் சொல்லவில்லை, மிதந்தது. "நல்லாதான் பண்ணியிருக்கான்," என்றார் பின்னாலிருந்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குறுக்குப் பள்ளம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கினேன். அடிவயிறு இடிக்கவில்லை. ஆனால் வலது பக்கம் மேட்டில் நிற்க, இடது பின்சக்கரம் பள்ளத்துக்குமேல் ஒரு கணம் அந்தரத்தில் தொங்கியது. அப்போது கீழே 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, நூல் அறுந்த மாதிரி.

"என்ன சத்தம்?"

"கல்லுங்க."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். சரிவு தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். சேற்றில் கால் வைத்த மாதிரி பெடல் அப்படியே தரைவரை போனது. மறுபடி மிதித்தேன். திரும்பவும் மிதித்தேன். ஒன்றுமில்லை. பழைய வண்டி; நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய். ஒரு இடத்தில் அறுந்தால் எல்லாம் போச்சு.

கீழே, பாலத்துக்கு இந்தப் பக்கம், நடுரோட்டில் ஸ்பேனர் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பாலத்தின் அந்த முனையில் லாரிகள். ஹாரனை அமுக்கினேன். பாவி, நான் சந்தோஷத்தில் அடிக்கிறேன் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"பிரேக் போச்சா?" அவர் குரல் பின்னாலிருந்து மெதுவாக வந்தது.

"இல்லைங்க."

"பொய் சொல்லாத. ரெண்டாவது கியருக்கு வா. கிளட்ச்சை வெடுக்குன்னு விட்டுடாத, வெண்ணெய் மாதிரி விடு."

விட்டேன். இன்ஜின் அலறியது. வேகம் கொஞ்சம் அடங்கியது, போதவில்லை. "ஹேண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லா ஏத்து. இழுத்துடாத." ஒவ்வொரு பல்லாக ஏற்றினேன். கை வியர்வையில் வழுக்கியது. சட்டென்று இழுத்தால் வண்டி நிற்கும், திருகு நிற்காது. இழுக்காவிட்டால் கொழுந்தன் மேல் ஏறி, லாரியில் மோத வேண்டும். "ஐயோ, என்னால முடியலைங்க!" என்று கத்தினேன்.

"இடது பக்கம் கல்தூள் கொட்டியிருப்பானுங்களே, இருக்கா?"

இருந்தது. லாரிகள் சிந்திவிட்டுப்போகிற கல்தூள், இடுப்பளவுக் குவியலாகப் பாதையோரம் நீண்டு கிடந்தது.

"நேரா மோதாத. ஓரமா உரசிக்கிட்டே உள்ள போ."

ஸ்டியரிங்கை இடது பக்கம் சாய்த்தேன். முன்சக்கரம் தூளில் இறங்கியது. வண்டி புகைமூட்டத்துக்குள் கரகரவென்று இழுபட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, முன்னும் பின்னும் ஒருமுறை அசைந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. அந்தக் கடைசி அசைவு எவ்வளவு பலம்? எனக்குத் தெரியவில்லை. டம்ளர் என் வயிற்றில் இல்லை.

ஸ்பேனர் ஓடிவந்து வண்டிக்கடியில் குனிந்தான். எழுந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "ஆக்ஸிலுக்குப் போற பிரேக் எண்ணெய்க் குழாய் அறுந்திருக்கு அண்ணி. சக்கரம் தொங்கினப்போ நீளம் ரெண்டு விரல் பத்தலை. அண்ணன் சொன்னாரு," என்று அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவனைத் திட்ட எனக்கு ஏது யோக்கியதை?

பின்கதவைத் திறந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். நெற்றியெல்லாம் கல்தூள். நான் எதுவும் கேட்கவில்லை. போர்வையை விலக்கி, இடது காலின் பெருவிரலை அமுக்கினேன்.

பதில் வரவில்லை. விளையாடுகிறார் என்று நினைக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. இன்னும் அழுத்தினேன்.

"இடது பெருவிரல்," என்றார்.

ஆறு வாரத்தில் முதல்முறையாகப் பதிலை நேராகச் சொன்னார். அவர் கை சீட் பட்டையைப் பிடித்திருந்த பிடியில் விரல்முட்டிகள் வெளுத்திருந்தன. இவ்வளவு நேரம் வெண்ணெய், பல் என்று எனக்குப் பாடம் சொன்ன மனுஷன்!

"வலது காலையும் பாரு."

அமுக்கினேன்.

"நடுவிரல். சரியா?"

"சரிங்க."

"பொய் சொல்லலையே?"

"சத்தியமா இல்லைங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "எல்லா விரலையும் அமுக்கு," என்றார். பத்து விரல்களையும் அமுக்கினேன். பத்துக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். முடிந்ததும், மறுபடி முதலிலிருந்து அமுக்கச் சொன்னார்.