ஏரியில் இறங்கவில்லை என்று சொன்னவன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. பிளான்டயர் நகரத்தில், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், பக்கத்து பெஞ்சில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை. நானும் என் மனைவி எலுபியும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் சிரித்தாள். "இதை எழுதேன்" என்றாள்.

அவள் போய் ஒரு மழைக்காலம் ஆகிறது. எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மங்கோச்சிக் கரையில் விடியற்காலை ஏரி பொன்னை உருக்கி ஊற்றினாற்போல' – வேண்டாம். இந்தக் கதையில் ஏரி அழகாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது: 'மீனவன் துவைபுவுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வந்து, கட்டியைச் சுரண்டி எடுத்து இரண்டு வருடம். இப்போது மறுபடி எரிச்சல். மறுபடி சிவப்பு.'

இது போதும்.

(எங்கள் கரையில் விடலைப் பையன்களுக்கு மூத்திரம் சிவப்பாகப் போனால் யாரும் பயப்படுவதில்லை. மீசை முளைப்பதுபோல் அதுவும் ஒன்று. ஏரித் தண்ணீரில் இருக்கும் புழு செய்யும் வேலை. துவைபுவும் முதல்முறை அப்படித்தான் நினைத்து ஒரு வருடத்தைக் கடத்தினான். புழு பல வருடம் புண்ணாக்கிய இடத்தில்தான் கட்டி வந்தது. 'இது திரும்பி வரக்கூடிய நோய். சிவப்பைப் பார்த்தால் உடனே வா. ஏரியில் இறங்காதே' என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.)

3

கண்டுபிடித்தவள் மனைவி மிலியா.

"ஹமீதா அப்பா, இது எத்தனாவது தடவை? கக்கூஸ்ல இன்னொருத்தியக் குடிவெச்சிருக்கீங்களா?"

"குளிருது."

"அக்டோபர் வெயில்லயா?"

அவன் வலையைப் பார்த்தபடியே சொன்னான்: "சிவப்பா போகுது, மிலியா."

அவள் அப்புறம் கேலி பேசவில்லை. விடிந்ததும் பிளான்டயருக்கு மினிபஸ் ஏறினார்கள்.

4

வண்டியில் துவைபு அழுதான் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவன் அழுகிற ஆள் இல்லை. ஜோம்பா தாண்டியதும் இதை மட்டும் சொன்னான்:

"என் வலைய என் தம்பிகிட்டக் குடுத்திராத. கிழிச்சிருவான்."

"வாய மூடிட்டு வாங்க" என்றாள் மிலியா. அவன் கையை மட்டும் விடவில்லை.

5

குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். மூத்திரத்தையும் சோதித்தார்கள். டாக்டரம்மா கச்சாலே தாழ்வாரத்துக்கே வந்துவிட்டார்.

"கட்டி எதுவும் இல்ல. பழைய தழும்பு சுத்தமா இருக்கு."

துவைபு சுவரில் சாய்ந்தான். (இங்கே 'நிம்மதிப் பெருமூச்சு விட்டான்' என்று வரவேண்டும். விடவில்லை.)

"ஆனா ஏரிப் புழுவோட முட்டை இருக்கு. மாத்திரையில சரியாயிரும். தண்ணில எறங்குனீங்களா?"

துவைபு தன் செருப்பைப் பார்த்தான்.

"கரையில உக்காந்து வலை பின்றேன்னு சொன்னீங்களே!" மிலியா எழுந்துவிட்டாள். "புழு என்ன, நடந்து வந்து ஏறிச்சா?"

"வலை பாறையில மாட்டிக்கிச்சு. ஒரே ஒரு தடவதான்..."

"முட்டை நெறையவே இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"ஒரே தடவையாம்!" தோளில் கிடந்த துணியை உருவி அவன் முதுகில் அடித்தாள். "அல்லாவே, வெறும் புழுதான்! புழு! வீட்டுக்கு வாங்க, நானே கொல்றேன்!" சொல்லிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே அடித்தாள்.

"விடுங்கம்மா, இப்பத்தான பொழைச்சிருக்காரு" என்றது ஒரு குரல். பெஞ்சு மொத்தமும் சிரித்தது.*

6

* அந்தக் குரல் எலுபியுடையது.

7

வேறொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் டாக்டர் அவர்களை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்கிறார். எலுபிக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறேன்; எந்த நாற்காலியின் கால் ஆடும் என்று எனக்குத் தெரியும். தடையில்லாமல் வந்தது. நன்றாகவும் இருந்தது. கிழித்துவிட்டேன். துவைபுவுக்கு அந்த அறை வேண்டாம்.

8

திரும்பும் வழியில் துவைபு வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"தாத்தா, லிவோண்டே வரைக்கும் அடக்க மாட்டீங்களா?" என்றான் கண்டக்டர்.

"தாத்தா உங்க அப்பன். நிறுத்துடா."

மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தான். மிலியா கேட்பதற்கு முன்பே சொன்னான்: "லேசா சிவப்பு. எரியுது. குழாய் விட்டதால ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்னாங்க."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் இல்லை. அவித்த மரவள்ளியில் பெரிய துண்டாகப் பார்த்து அவன் கையில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"வலை மறுபடி மாட்டிக்கிட்டா?"

துவைபு மென்றுகொண்டிருந்தான்.

அவன் பதில் என்னிடம் இல்லை. அந்த வண்டியில் நான் போகவில்லை; இதுவரை எழுதியதும் ஊகம்தான். அறுத்து விட்டுவிடுவேன் என்றானோ, தம்பியை இறக்குவேன் என்றானோ, பேச்சை மாற்றினானோ – உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அவன் மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அன்றைய முடிவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் கேட்கிறேன். எதை எழுதினாலும், அந்த பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கட்டும்.