காற்றில்லாத நாளில் சுற்றிய காற்றாடி

மாகறலுக்கு வெளியே, கழனிக்கு நடுவில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்கு மின்சாரம் வரவில்லை. மனு கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் லாரி பட்டறை ஒன்றில் வேலை செய்த முனிரத்தினம் காத்திருந்து சலித்து, எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் தானே ஒரு வழி பண்ணினான். மரத்தில் செதுக்கிய இறக்கைகளை உயரமான கம்பத்தில் ஏற்றி, பழைய கார் டைனமோவோடு பெல்ட் போட்டு இணைத்தான். கீழே ஒரு லாரி பேட்டரி. அதிலிருந்து ஒரு சின்ன பல்பு.

பல்பு அவன் மனைவி நீலாம்பாளுக்காக. பகலெல்லாம் கழனி வேலை. பொழுது சாய்ந்த பிறகுதான் அவள் நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாள். மண்ணெண்ணெய் விளக்கின் புகை நூலில் படிந்துவிடும். மங்கல் வெளிச்சத்தில் அறுந்த நுனியும் கண்ணில் படாது. பல்பு எரிந்த முதல் நாள் அவள் அதன் கீழே வந்து உட்கார்ந்தாள். கையை வெளிச்சத்தில் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தபடியே முனிரத்தினம் சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தான்.

ஐப்பசியில் காற்று ஓய்ந்தது. பல்பின் கம்பி சிவப்பாகக் கனன்றதோடு சரி. தீபாவளிக்கு வந்த நீலாம்பாளின் தம்பி சபாபதி அதைப் பார்த்துவிட்டுப் போனான். மெட்ராஸில் ஒரு காலேஜ் சோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலை. கார்த்திகை பிறந்ததும், மூலையில் விரிசல் விட்டதால் காலேஜில் கழித்துவிட்ட சோலார் தகடு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான்.

"வெயில் பட்டா போதும் மாமா, இதுலயே கரண்ட் வரும்."

"காத்து வராமலா பூடும்?" என்றான் முனிரத்தினம். ஆனாலும் நீலாம்பாள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏணி போட்டுத் தகட்டைத் தெற்குப் பக்கக் கூரையில் தானே கட்டினான். தகட்டின் கம்பியும் டைனமோவின் கம்பியும் அதே பேட்டரியில் சேர்ந்தன.

கார்த்திகைக் கடைசியில் இரண்டு நாள் புயல்காற்று அடித்து ஓய்ந்தது. அதன் பிறகும் காற்றாடி நிற்கவேயில்லை. பட்டறையிலிருந்து வந்ததும் முனிரத்தினம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்ப்பான்.

"பாத்தியா நீலா, சுத்திக்கினே இருக்குது."

அவள் தலையாட்டினாள். வாசலில் காயப்போட்ட பட்டு நூலின் ஒற்றை இழைகூட அன்றெல்லாம் அசையாததை அவள் கவனித்திருந்தாள். பல்பு வேறு நாளுக்கு நாள் மங்கியது. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவனைக் கூட்டிப்போய் நூலைக் காட்டினாள்.

"காத்தே இல்லியேய்யா. அப்புறம் அது எப்படி சுத்துது?"

அவன் நூலைப் பார்த்தான், இறக்கையைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் டைனமோ கம்பியைப் பேட்டரியிலிருந்து கழற்றினான். மேலே இறக்கைகள் தளர்ந்து நின்றன.

காற்று நின்றதும் கம்பியைத் தானாகத் துண்டிக்க வேண்டிய கட்அவுட் என்ற சின்ன சுவிட்சைத் திறந்து பார்த்தான்; புயலன்று பாய்ந்த கரண்டில் இரண்டு முனைகளும் உருகி ஒட்டியிருந்தன. தகடு பகலெல்லாம் பேட்டரியில் சேர்த்ததை டைனமோ மோட்டார் மாதிரி இழுத்துக்கொண்டு இறக்கையைச் சுழற்றியிருக்கிறது.

முனிரத்தினம் முனைகளைப் பிரித்து உப்புத்தாளால் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"எப்போ தெரிஞ்சது உனக்கு?"

"முந்தாநேத்து."

"ஏன் சொல்லல?"

"நீ அதப் பாத்து சிரிச்சிக்கினு இருந்த."

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். உப்புத்தாள் பிடித்த கையோடே அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான். கரி ஒட்டிக்கொண்டது. அவள் துடைக்கவில்லை.

அன்றே மச்சானுக்கு முதல் முறையாக ஒரு கார்டு எழுதினான்: 'நீ கொடுத்த கரண்டை என் காற்றாடி தின்றுவிட்டது. தப்பு என்னுடையது. பொங்கலுக்கு வா, சேர்ந்து சரி பண்ணலாம்.'

சபாபதி இரண்டு டயோடுகளோடு வந்தான். கரண்ட் பேட்டரிக்குள் போகும், திரும்பி வராது என்று விளக்கினான். ஒன்றைத் தகட்டுக் கம்பியிலும் ஒன்றை டைனமோ கம்பியிலும் முனிரத்தினமே பற்றவைத்தான். தை முழுக்கத் தகடுதான் பேட்டரியை நிரப்பியது. அடுத்த ஆடியில், மேகம் மூடிய நாட்களில், காற்றாடி நிரப்பியது. பேட்டரி சோர்ந்துபோகவில்லை.

அந்த ஆவணியில் ஒரு ராத்திரி, நெசவுக்காரர் கொடுத்த கல்யாணப் புடவை நூலைப் பல்பு வெளிச்சத்தில் நீலாம்பாள் சுற்றினாள். எதிரில் உட்கார்ந்து முனிரத்தினம் சிக்கெடுத்துக் கொடுத்தான்.

"மெதுவாய்யா, அறுத்துடப் போற."

"நல்லாத் தெரியுது, நீ சுத்து" என்றான்.